புதுப்பிப்பு: மூணாறு வீட்டுப் பெல்லட் அடுப்புக்குப் புகைக்குழாய்

பழைய கணப்புக்குள் பெல்லட் அடுப்பு (அழுத்திய மரத்தூள் குருணைகளை எரிப்பது) வைத்தால் புகையைச் சுவரைத் துளைத்து விடுவதா, சிம்னி வழியாகவா என்று முன்பு கேட்டிருந்தேன். சிம்னிதான். வேலையும் அநேகமாக முடிந்தது.

சுவர் வழி செலவு குறைவு, உண்மைதான். ஆனால் இந்த அடுப்பில் புகையைத் தள்ளுவது மின்விசிறி. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போவதைச் சொல்லவா வேண்டும்? விசிறி நின்றால் சுவர் வழியாகக் கிடைமட்டமாகப் போகும் குழாயில் புகை தேங்கி அறைக்குள் திரும்பலாம்; செங்குத்தான குழாய் சூட்டிலேயே ஓரளவு மேலே இழுத்துக்கொள்ளும். அதனால் சிம்னி உச்சிவரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்று லேசு, குழாயும் நீளம். ஆகவே புகை தடையின்றிப் போக, 3 அங்குல விட்டம் வேண்டாமென்று 4 அங்குலம்.

"குழாயைப் பாதியிலேயே நிறுத்திடலாமே" என்றார் மாமா. அகலமான சிம்னியில் புகை ஆறிக் கரி படியும் என்று மறுத்துவிட்டேன். உச்சியில் மழைமூடி போட்டாயிற்று. அடுப்பு எரிய வெளியிலிருந்து காற்று கொண்டுவரும் குழாய் மட்டும் பாக்கி.