‘அச்சக் கெழு’வா, ‘வெருவல் கெழு’வா?

அன்புடையீர்,

போட்டியிடும் இரண்டு இனங்களுள் ஒன்று மற்றதற்கு அஞ்சுவதை இனத்தொகைச் சமன்பாட்டில் அளவிடும் மாறிலிக்கு ‘அச்சக் கெழு’ (கெழு என்பது பெருக்கும் எண்) என்று பரிந்துரைத்திருந்தீர்கள். பொருளில் குறையில்லை. ஆனால் கிடை அச்சும் செங்குத்து அச்சும் வரிக்கு வரி வரும் கணிதக் கட்டுரையில் ‘அச்சக்’ என்று கண்டதும், மாணவர் அச்சையோ அச்சகத்தையோதான் நினைப்பார். ‘பயம்’ என்பதற்கோ பழந்தமிழில் பயன் என்றும் பொருளுண்டு.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் மாடு மிரளும் என்பதால் ‘மிரட்சி’யை முதலில் எண்ணினேன், அது நொடியில் தோன்றி அடங்குவது என்பதால் விட்டுவிட்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் பழைய சோற்றை வைத்தால் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு கூட்டமாக வந்து இறங்கும். காகம் மதிலில் வந்து உட்கார்ந்தாலே போதும், அது ஒன்றையும் கொத்துவதற்கு முன்பே அவை முருங்கையில் ஏறிவிடும். காகம் போன பின்பும், திரும்பி வந்த குருவி ஒரு பருக்கையைக் கவ்வுவதும் தலையைத் தூக்கி மதிலைப் பார்ப்பதுமாகவே இருக்கும். (காகம் குஞ்சையும் தின்னும், ஆகவே இதைத் தூய போட்டி என்று சொல்ல மாட்டேன்.) அந்தப் பார்வையில் கழியும் நேரத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

கனடாவில் பாட்டுச் சிட்டுகளின் கூடுகளை வலையும் மின்வேலியும் இட்டுக் காத்துவிட்டு, கொன்றுண்ணிகளின் குரலை மட்டும் ஒலிபரப்பியபோது, ஓராண்டில் அவை பெற்ற குஞ்சுகள் 40 விழுக்காடு குறைந்ததாக 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதைக் கொண்டு 2016-இல் ஆய்வாளர்கள் இரை-கொன்றுண்ணிக் கணித மாதிரியில் இரையின் பிறப்பு வீதத்தை ‘1 + கெழு × கொன்றுண்ணித் தொகை’ என்பதால் வகுத்தார்கள். கெழு 1, தொகை 2 எனில் பிறப்பு மூன்றில் ஒரு பங்காகும்; இறப்பு வீதம் மாறாது. இரண்டு இனங்கள் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுவதைச் சமன்பாடாக்கும் லோட்கா-வோல்டெரா போட்டி மாதிரியில் கொன்றுண்ணியின் இடத்தில் எதிரினத்தை வைத்தால், வெல்ல வேண்டிய இனமே அஞ்சுவதாக இருக்கும்போது, கெழு உயர உயர முடிவு மாறி இரண்டும் சேர்ந்து வாழலாம், அல்லது வலியதே அழியவும் கூடும்.

இங்கேதான் தமிழின் தன்வினையும் பிறவினையும் கைகொடுக்கின்றன. வெருவுதல் அஞ்சுவது, வெருட்டுதல் அஞ்சச் செய்வது. கெழு அளப்பது காகத்தின் வெருட்டலை அன்று, குருவியின் வெருவலை. ஒரே காகத்துக்கு மைனா குறைவாகவே வெருவக்கூடும். எனவே ‘வெருவல் கெழு’ என்கிறேன். ‘வெருளி’ ஏற்கெனவே ‘ஃபோபியா’ என்னும் அச்சக் கோளாறுக்கு வழங்குவதால் அதைத் தவிர்க்கலாம். நிகழ்வின் பொதுப்பெயராக ‘அச்ச விளைவு’ நிற்கட்டும். அங்கே அச்சோடு குழப்பமில்லை. இரண்டு இனங்களும் ஒன்றையொன்று அஞ்சும் மாதிரியில் ‘முதலினத்தின் வெருவல் கெழு’ என்று அஞ்சும் இனத்தை முன்வைத்து எழுதலாமா என்பதை மட்டும் தெரிவியுங்கள்.