ராலேயின் தலை விழக் கோண்டோமார்தான் காரணமா?

ஜார்ஜ்டவுன் வாசகன்:
வணக்கம். அடுத்த மாதம் பினாங்கு வாசகர் வட்டத்தில் ஸ்பெயின் தூதர் கோண்டோமார் பற்றி 20 நிமிடம் பேசணும். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸைக் கைக்குள் போட்டுக்கொண்டு, ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலேயைக் கொல்ல வைத்தவர் என்றே எங்கும் இருக்கிறது. அப்படியே சொல்லிவிடலாமா?

செந்தூல்காரர்:
பாதிதான் சரி, தம்பி. முதலில் கோண்டோமாரின் இயற்பெயர்: டியேகோ சர்மியெந்தோ தெ அகுன்யா. 1613-இல் லண்டனுக்கு வந்தபோது அவர் கவுண்ட் (ஐரோப்பியப் பிரபு பட்டம்) இல்லை. கோண்டோமார் கவுண்ட் பட்டம் 1617-இல்தான் கிடைத்தது.

ராலேக்கு 1603-இலேயே ராஜதுரோகத்துக்காக மரண தண்டனை விதித்தாகிவிட்டது. நிறைவேற்றாமல் லண்டன் டவர் கோட்டைச் சிறையில் அடைத்து வைத்திருந்தார்கள். 1616-இல் தென் அமெரிக்காவின் கயானாவில் தங்கம் தேட வெளியே விட்டபோது, ஸ்பானியர்மேல் கை வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. 1618 தொடக்கத்தில் அவருடைய ஆட்கள் ஓரினோகோ ஆற்றங்கரையில் ஸ்பானியரின் சான் தோமே ஊரைத் தாக்கினார்கள். ஸ்பானிய ஆளுநர் செத்தார், ராலேயின் மகனும் செத்தார். ராலே அங்கே இல்லை. காய்ச்சலோடு டிரினிடாட் தீவுப் பக்கம் கிடந்தார். அந்த ஆளுநர் கோண்டோமாரின் உறவுக்காரர் வேறு. இதற்குமேல் தூதர் எதையும் ஜோடிக்க வேண்டியதில்லை, ஸ்பானியருக்குத் தீங்கு செய்தால் ராலேயைத் தண்டிப்பேன் என்று மன்னர் கொடுத்த வாக்கைக் காட்டிக் கேட்டாலே போதும்.

1618 ஜூலையிலேயே கோண்டோமார் ஸ்பெயினுக்குக் கிளம்பிவிட்டார். ராலேயின் தலையை வெட்டியது அக்டோபர் 29. நிறைவேறியது அந்த 1603 தண்டனைதான். ஸ்பெயின் ஆவணத்தில் நவம்பர் 8 என்று இருந்தால் குழம்பாதீர்கள். இங்கிலாந்தின் பழைய நாட்காட்டி 10 நாள் பின்னால் ஓடியது.

பிரிக்பீல்ட்ஸ் மணி:
ஜேம்ஸ் ஏன் வளைந்தார் என்பதையும் சொல்லுங்கள். கழுத்துவரை கடன். 1614 நாடாளுமன்றம் ஒரு காசுகூடத் தராமல் கலைந்தது. மகன் சார்லஸுக்கு ஸ்பெயின் இளவரசி மரியாவைக் கட்டிவைத்தால் சுமார் 6 லட்சம் பவுன் சீதனம் வரும் என்ற கணக்கு. அந்த ஆசை அணையாமல் பார்த்துக்கொண்டதுதான் கோண்டோமாரின் சாமர்த்தியம். 1623-இல் சார்லஸ் ஒட்டுத்தாடியோடு மட்ரிட்டுக்கே போய், பெண் இல்லாமல் திரும்பினார்.

ஜார்ஜ்டவுன் வாசகன்:
நன்றி அண்ணே. இங்கிலாந்தை எப்படி ஏமாற்றினேன் என்று கோண்டோமாரே ஸ்பெயின் சபையில் பேசியதாக ஓர் உரை கிடைத்தது. மேற்கோள் காட்டலாமா?

செந்தூல்காரர்:
வேண்டவே வேண்டாம். அது தாமஸ் ஸ்காட் என்ற போதகர் 1620-இல் பெயர் போடாமல் அச்சிட்ட துண்டுப்பிரசுரம், முழுக்கக் கற்பனை. அப்போதே பலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள்.

1624 ஆகஸ்டில் நாடகாசிரியர் மிடில்டனின் சதுரங்க நாடகம் லண்டன் குளோப் அரங்கில் ஏறியது. அதில் கருப்புக் குதிரை என்ற பாத்திரம் கோண்டோமார்தான். அவர் உடுத்திக் கழித்த உடை, அவர் போய்வந்த பல்லக்கு இரண்டையும் நடிகர்கள் தேடிப்பிடித்து மேடையில் வைத்தார்கள். 9 நாள் ஓடியதும் நிறுத்திவிட்டார்கள். புகார் கொடுத்தவர் அப்போதைய தூதர் கார்லோஸ் கொலோமா. இதைக் கோண்டோமார் தலையில் கட்டிவிடாதீர்கள்.

அவருடைய அசல் குரல் வேண்டுமென்றால் கடிதங்கள்தான். மட்ரிட் அரண்மனை நூலகத்தில் அவை ஏராளம் இருக்கின்றன. வல்லடோலிட் வீட்டில் அவர் சேர்த்த நூல்களில் பெரும்பகுதியும் பிற்பாடு அங்கேதான் போய்ச் சேர்ந்தது.