இட்லிப்பூவா, நந்தியாவட்டையா? தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மதுரையிலிருந்து:

இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் ஆண்டு முழுக்கப் பச்சை மாறாமல் நிற்பவை, இரண்டும் பூசைக்கு ஆகும். அதனால் சுற்றுச்சுவர் ஓரமாக மாற்றி மாற்றி நட்டு, ஒரே தண்ணீர், ஒரே உரம் என்று விட்டுவிடுகிறோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நந்தியாவட்டை இடுப்பைத் தாண்டியிருக்கும், இட்லிப்பூ மஞ்சளடித்து முழங்காலுக்குக் கீழேயே நிற்கும். உரம் போதவில்லை என்று இன்னும் கொட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு உரத்தில் இல்லை, சுண்ணாம்பில்.

சங்கப் பாட்டில் வெட்சி என்று வருவது இதே இட்லிப்பூதான். அமில மண்ணுக்குப் பழகிய செடி. மண் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 5 முதல் 6 வரை இருந்தால் இலை கரும்பச்சையாக, தடிப்பாக இருக்கும். 7.5-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாது. நந்தியாவட்டை அந்த அளவில் பெரிதாகக் கஷ்டப்படாது. பரிசோதனைக்கு ஆய்வகம் போகவேண்டாம். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா பாருங்கள். படிந்தால், அதே சுண்ணாம்பு தினமும் வேரடியிலும் சேர்கிறது. சிமெண்ட் பூச்சிலிருந்து மழையில் கரைந்து வருவது தனி. இட்லிப்பூவைச் சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி நடுங்கள்.

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. கிளை நுனியில் இருக்கும் இளம் இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரிந்து நடுப்பகுதி வெளிறியிருந்தால் இரும்புக் குறை. அடி இலை முழுக்கச் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. அடி இலையில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் வந்தால் பெரும்பாலும் பொட்டாஷ் குறைதான். நோய் என்று நினைத்துப் பூஞ்சை மருந்து அடிப்பதில் பலன் இல்லை.

இரும்புக் குறைக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்கவேண்டும். 10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசல் பழுப்பாகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். பூவில் படவேண்டாம், கருகும். டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது. அன்னபேதியை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு மண் அதைச் சில நாளிலேயே உதவாததாக்கிவிடும், அதனால்தான் தெளிக்கச் சொல்வது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதும் இதே காரணத்தால் வீண்.

சென்னையிலிருந்து, மாடித்தோட்டம்:

மதுரைக்காரர் சொன்ன சுண்ணாம்பு தொட்டியில் இன்னும் வேகமாகச் சேரும் சார். இட்லிப்பூத் தொட்டிக்கு மூன்று பொருள் கூடவே கூடாது: முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீர். முதல் இரண்டும் மண்ணைக் காரமாக்கும், மூன்றாவதில் உப்பு பல மடங்கு செறிந்திருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதைப் பிடித்து இட்லிப்பூவுக்கு ஊற்றுங்கள். மழைநீர் அதைவிட நல்லது.

கலவை: செம்மண் 2 பங்கு, நன்றாக மட்கிய இலைமக்கு 1, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) 1, பருமணல் அரைப் பங்கு. மினி இட்லிப்பூவுக்கு 12 அங்குலத் தொட்டி போதும். நந்தியாவட்டைக்கு 16 அங்குலமாவது வேண்டும், வேர் சீக்கிரம் தொட்டியை அடைத்துவிடும். அதற்குச் சாதாரணத் தோட்டமண்ணும் தொழு உரமும் பாதிக்குப் பாதி போட்டாலே வளரும்.

வெயில் விஷயத்தில் இரண்டும் வேறு. இட்லிப்பூவுக்கு 5, 6 மணி நேர நேரடி வெயில் இல்லையென்றால் தண்டு நீண்டு, கொத்து சிறுத்துவிடும். நந்தியாவட்டை அரை நிழலிலும் பூக்கும். தண்ணீர் குறைந்தால் நந்தியாவட்டை இலையைத் தொங்கவிட்டுக் காட்டிக்கொடுக்கும், ஊற்றினால் மாலைக்குள் நிமிரும். இட்லிப்பூவின் விறைத்த இலை அப்படிக் காட்டாது. மொட்டு உதிர்ந்து, இலை நுனி கருகிய பிறகுதான் தெரியும். அதனால் கோடையில் மண்ணை விரலால் ஓர் அங்குலம் தோண்டிப் பார்ப்பதை விடாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

இட்லிப்பூவை இங்கே தெச்சி என்போம். செம்மண்ணும் மழையும் இருப்பதால் வேலியோரம் தானாகவே வளரும். மஞ்சள் தொல்லை குறைவு. பூக்கவில்லை என்று கேட்பவர்கள்தான் அதிகம், அதற்குக் காரணம் கத்தரி. தெச்சியின் பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். வாராவாரம் வேலி போல மட்டமாக வெட்டினால் மொட்டு வைக்கும் நுனிகளையே வெட்டுகிறோம். கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலையோடு வெட்டுங்கள். அங்கே இரண்டு கிளை பிரியும், இரண்டிலும் கொத்து வைக்கும். கறுத்துப் பழுக்கும் காயைக் குழந்தைகள் தின்னலாம், அதற்காகச் சில கொத்துகளை விட்டுவைப்பதும் நல்லது.

நந்தியாவட்டை தானாகவே கவடு கவடாகப் பிரியும். பெரிய அலையாகப் பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். வெட்டிய இடத்தில் பால் வடியும். துணியில் கறை, கண்ணில் பட்டால் எரிச்சல். கண்ணுக்கு நல்ல பூ என்று பேர் இருப்பதால் பாலையும் சிலர் சாதாரணமாக நினைக்கிறார்கள், கவனம்.

பதியன் போட ஆடி, ஆவணி மழை ஏற்ற காலம். நந்தியாவட்டையில் பென்சில் பருமனில் 6 அங்குலக் குச்சி வெட்டி, பால் வடிந்து நிற்கும்வரை வைத்திருந்து, மணலில் ஊன்றினால் ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். தெச்சிக் குச்சி இரண்டு மாதம்கூட எடுக்கும், நிறைய அழுகும். தாழ்ந்த கிளையின் பட்டையைச் சற்றுச் சீவி மண்ணுக்குள் வளைத்துப் புதைப்பதே நிச்சயம்.

திருச்சியிலிருந்து:

பூச்சியைச் சேர்த்துக்கொள்கிறேன். நந்தியாவட்டையின் அடியில் தரையில் மிளகு பருமனில் கரும் உருண்டைகள் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். விரல் நீளத்தில் பச்சைப் புழு இலையோடு இலையாக இருக்கும். தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் போன்ற புள்ளி, வாலில் சிறு கொம்பு. கடிக்காது, கையால் எடுக்கலாம். நாலைந்து இருந்தால் சின்னச் செடி சில நாளில் மொட்டையாகும், ஆனாலும் திரும்பத் தளிர்க்கும். அரளியும் இதற்குத் தீனி, பக்கத்தில் அரளி இருந்தால் அதையும் பாருங்கள்.

இட்லிப்பூவில் ஆபத்து மெதுவாக வரும். இலைமேல் கரி பூசியது போல் இருந்தால் இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள், செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை விடும் தேன் போன்ற கழிவில்தான் அந்தக் கரும்பூசணம் வளர்கிறது. எறும்பு அந்தத் தேனுக்காகப் பூச்சியைக் காவல் காக்கும், ஆகவே முதலில் எறும்பு ஏறும் வழியை அடைக்கவேண்டும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் குலுக்கி, மாலையில் இலையடியில் படும்படி வாரம் ஒருமுறை, மூன்று வாரம். இலைகளைப் பின்னி முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் கையை நுழைக்கும்முன் கிளையைக் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

மதுரையிலிருந்து:

ஏற்கெனவே சுண்ணாம்பு மண்ணில் நட்டுவிட்டோமே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். செடி 2 அடிக்குள் இருந்தால் ஐப்பசி முதல் மழையில், வேரடி மண் உடையாமல் பெயர்த்து, ஒன்றரை அடிக் குழி எடுத்து, செம்மண்ணும் இலைமக்கும் நிரப்பி மாற்றி நடலாம். அதைவிடப் பெரியதென்றால் பெயர்க்கவேண்டாம். தண்டைத் தொடாமல் 3 அங்குலத்துக்குக் காய்ந்த இலை மூடாக்குப் போட்டு, அன்னபேதித் தெளிப்பைத் தொடருங்கள். மஞ்சளான பழைய இலை முழுதும் பச்சைக்குத் திரும்பாது. அடுத்து விரியும் தளிரின் நிறத்தைப் பாருங்கள்.