அம்மாவின் 70-ஆவது பிறந்தநாள் ரயிலில்: கீழ்த்தளத்தில் அறை போட்டுவிட்டேன், மாற்றுவதா வேண்டாமா?

கார்டு_பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது, கொஞ்சம் பதற்றத்தோடு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் 70 நிறைகிறது. எங்களோடு ஆறு மாதம் இருக்க அமெரிக்கா வந்திருக்கிறார். தாத்தா ரயில்வேயில் கார்டாக, வண்டியின் கடைசியில் பிரேக் வேனில் போகிறவராக இருந்தவர், அம்மா வளர்ந்ததெல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று எத்தனை முறை கேட்டாலும் "எனக்கென்ன வேணும், ஒண்ணும் வேண்டாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ராத்திரி பாத்திரம் துடைத்து அடுக்கும்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல், "இந்த ஊர் ரயில்ல ரெண்டு ராத்திரி படுத்துத் தூங்கிட்டுப் போகணும்" என்றார். அதற்குப் பிறகு நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

சிகாகோவிலிருந்து சான்பிரான்சிஸ்கோ பக்கத்து எமரிவில் வரை போகும், ஆம்ட்ராக் என்ற அமெரிக்க ரயில் நிறுவனத்தின் கலிபோர்னியா ஜெஃபிர் என்ற இரண்டடுக்கு ரயிலில் பதிவு செய்தோம். 2,438 மைல், ஏறக்குறைய 52 மணி நேரம், இரண்டு இரவு. மதியம் 2 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை டென்வர், அதன் பிறகு பகல் முழுக்க ராக்கி மலை. அந்த மறுநாள்தான் பிறந்தநாள். மலை ஏறும்போது சைட்சீயர் லவுஞ்சில், கூரை வளைவு வரை கண்ணாடி வைத்த அந்தப் பெட்டியில், அம்மாவை உட்கார வைக்க வேண்டும். இதற்காகத்தான் இந்தப் பயணமே.

நாங்கள் ஐந்து பேர்: அம்மா, நான், கணவர், 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதளத்தில் நன்றாக நடப்பார். படி என்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றிய பிறகுதான் அடுத்தது. அதனால் கீழ்த்தளத்திலேயே நான்கு பேருக்கு ஃபேமிலி பெட்ரூம், அம்மாவுக்கு ஒரு ரூமெட் (சின்னப் படுக்கை அறை) என்று போட்டேன். நேற்று பெட்டியின் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: பெட்டிக்குப் பெட்டி போகிற வழி மேல்தளத்தில் மட்டும்தான் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் லவுஞ்சுக்கும் ஒவ்வொரு தடவையும் அம்மா மாடிப்படி ஏறி இறங்க வேண்டும்.

இதே ரயிலில் பெரியவர்களை அழைத்துப் போனவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். அப்படியே விடலாமா, மாற்றினால் எதற்கு மாற்றுவது?

கண்ணாடிப்பெட்டி:

நான்கு முறை போயிருக்கிறேன், ஒரு முறை மாமியாரோடு. நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். சூப்பர்லைனர் இரண்டடுக்குப் பெட்டி, கதவு கீழே, நடைபாதை மேலே. நடுவில் இருக்கிற படி குறுகலானது, திரும்பித் திரும்பி ஏறும். இரண்டு பக்கமும் பிடிமானம் உண்டு, ஆனால் பக்கத்தில் இன்னொருவர் நின்று தாங்க இடம் இருக்காது. வண்டி ஓடும்போது அதில் ஏறுவது வேறு, நிற்கும்போது ஏறுவது வேறு.

எந்தத் தளம் நல்லது என்று பார்க்காமல், அம்மா எத்தனை தடவை ஏற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கீழே இருந்தால் மூன்று வேளைச் சாப்பாடும் லவுஞ்சும் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு தடவை ஏறி நான்கு தடவை இறங்கணும், அதுவும் ஓடுகிற வண்டியில். மேல்தளத்து பெட்ரூம் என்றால் சிகாகோவில் நிற்கிற வண்டியில் ஒரே ஒரு முறை ஏற்றம், எமரிவில்லில் ஒரு முறை இறக்கம். நடுவில் எல்லாம் சமதளம். என் ஓட்டு மேல்தளத்துக்கே.

மேலே ரூமெட் மட்டும் வேண்டாம். அதில் கழிப்பறை கிடையாது, மேல்தளம் முழுக்க ஒரே ஒரு பொதுக் கழிப்பறைதான். மற்றதெல்லாம் கீழே. பெட்ரூமில் அறைக்குள்ளேயே கழிப்பறையும் ஷவரும் இருக்கிறது.

இருமுழங்கால்:

எனக்கு 73 வயது, மூட்டு விஷயத்தில் அனுபவம் அதிகம், அதனால் மாற்றுக் கருத்து சொல்கிறேன் அம்மா. தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. அந்த ஒரே ஒரு இறக்கம்கூட 50 மணி நேரம் உட்கார்ந்து காலெல்லாம் இறுகின பிறகு வருகிறது, அதை மறக்காதீர்கள்.

கீழ்த்தளத்தில் நல்லதும் இருக்கிறது. ஃபேமிலி பெட்ரூம் பெட்டியின் முழு அகலத்துக்கும் இருப்பதால் இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு. அட்டெண்டன்டிடம் சொன்னால் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து தருவார், ஸ்லீப்பர் (படுக்கை அறை) டிக்கெட்டில் சாப்பாடு சேர்ந்தே வருகிறது. கழிப்பறை நாலடி தூரம். கீழேயே அக்சஸிபிள் பெட்ரூம் என்று ஒன்றும் இருக்கிறது, உள்ளேயே கழிப்பறை, இரண்டு பேர் படுக்கலாம். நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கானது. உங்கள் அம்மா தகுதியா என்று போன் செய்து கேளுங்கள். பிறந்தநாளை மேலே தூக்கிப் போவதைவிட எல்லோருமாகக் கீழே வந்து கொண்டாடலாமே.

கார்டு_பேத்தி:

இரண்டு பேருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன இறக்கத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை.

இன்று அம்மாவிடமே படத்தைக் காட்டிவிட்டேன். "கீழேயே இருந்தா என்னம்மா, சாப்பாடு வருமாம்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாலு பேர் நடமாடுற எடத்துல உக்காந்துதான் ரயில்ல போகணும், ரூம்ல இருக்கறதுக்கு வீட்லயே இருக்கலாமே" என்றார். அதோடு முடிந்தது.

மேல்தள பெட்ரூமில் அம்மாவும் நானும், கீழே இருக்கும் ஃபேமிலி பெட்ரூமில் கணவரும் பிள்ளைகளும் என்று பிரிக்கலாம் என்று தோன்றுகிறது. அம்மா இன்சுலின் போடுகிறார், அதை எங்கே வைப்பது? கேக்குக்கு என்ன செய்வது?

ஊசிமருந்து:

மருத்துவமனையில் வேலை செய்கிறேன், அதனால் இன்சுலினுக்கு மட்டும் பதில். ரயிலின் குளிர்பதனப் பெட்டியில் பயணிகளின் மருந்தை வைத்துக்கொள்ள மாட்டார்கள், அதை நம்பிப் போகாதீர்கள். ஐஸ் கேட்டால் கிடைக்கும். பெரும்பாலான இன்சுலின் வகைகளில், உபயோகத்தில் இருக்கிற பேனா (ஊசி போடும் கருவி) 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். உபரி பேனாவைச் சின்னக் கூலர் பையில் வையுங்கள், ஐஸ் நேராக மேலே படக் கூடாது. உறைந்துபோன இன்சுலினைப் பிறகு போடவே கூடாது.

அதைவிட முக்கியமானது சாப்பாட்டு நேரம். டைனிங் காரில் இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்க ஊழியர் வந்து கேட்பார். முதல் பந்தியே வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்காக யாரும் காத்திருக்கக் கூடாது. மேஜையில் உட்கார்ந்த பிறகு, சாப்பாடு எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். பையில் எப்போதும் ஏதாவது இனிப்பு இருக்கட்டும்.

டென்வரே 5,280 அடி, ராக்கி மலையைக் குடைந்து போகும் மொஃபட் சுரங்கத்துக்குள் 9,239 அடி வரை ஏறுவீர்கள். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ரெட்டைவால்_அம்மா:

கேக் டிபார்ட்மென்ட் நான் 😊 என் பையன் பிறந்தநாளை இப்படித்தான் ரயில்ல கொண்டாடினோம்.

அக்கா, கிரீம் கேக் வேண்டவே வேண்டாம். ஒரு ராத்திரி முழுக்க வெளியில இருக்கணும்ல, உங்க சாப்பாட்டை ஃப்ரிட்ஜ்ல வைக்கவும் மாட்டாங்க, சூடு பண்ணியும் தர மாட்டாங்க. கிரீம் இல்லாத வெண்ணெய் கேக், வீட்டுலயே துண்டு போட்டு டப்பாவுல அடுக்கிக்கோங்க, கத்தி வேலையும் மிச்சம். நம்ம கொண்டுபோற சாப்பாட்டை நம்ம ரூம்லதான் சாப்பிடணும், டைனிங் கார்ல கூடாது. மெழுகுவத்தி ஏத்தற பேச்சே வேண்டாம், பேட்டரி மெழுகுவத்தி வாங்கிக்கோங்க.

பலூன் பத்தி ஒண்ணு சொல்றேன், நாங்க பட்டது. சிகாகோல ஃபுல்லா ஊதி ரூம்ல கட்டிட்டோம். 9,000 அடிக்கு மேல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல எழுபது சதவீதம்தான். பலூன் விம்மி விம்மி, சுரங்கத்துக்குக் கொஞ்சம் முன்னாடி படார். பெரியவன்கூட அலறிட்டான். சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் தலையணை மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும். அம்மா தூங்கறப்போ வெடிச்சா என்னாகும்? காகிதத் தோரணம் போதும்.

இன்னொண்ணு, ஊர்லேர்ந்து போன் வருமே, அதை யோசிச்சீங்களா? கோடைகாலத்துல இந்தியா சிகாகோவைவிட பத்தரை மணி நேரம் முன்னாடி. அங்க ராத்திரி 12 ஆகறப்போ உங்களுக்கு மதியம் 1:30. அதாவது ரயில் ஏற அரை மணி நேரம் முன்னாடி! மறுநாள் மலைக்குள்ள போயிட்டா போன் எடுக்காது, இந்த வண்டியில வைஃபையும் கிடையாது. அதனால எல்லாரையும் ஸ்டேஷன்லயே பேச வெச்சிடுங்க.

கண்ணாடிப்பெட்டி:

தங்கச்சி சொன்ன போன் விஷயம் அருமை. நான் விட்டதைச் சேர்க்கிறேன்.

சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ரெட்கேப் (ஸ்டேஷன் உதவியாளர்) உதவி கேளுங்கள், காசு கிடையாது. பேட்டரி வண்டியில் அம்மாவைப் பெட்டி வாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள். கூட்டத்துக்கு முன்னாலேயே போய்விடுவதால் படியில் யாரும் பின்னாலிருந்து அவசரப்படுத்த மாட்டார்கள். வாசலில் மஞ்சள் முக்காலி போடுவார் அட்டெண்டன்ட். போன் செய்து அறை மாற்றும்போது, டைனிங் காருக்கு ஒட்டின பெட்டியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பெட்டிகளுக்கு நடுவில் இருக்கிற தகடு அசைந்துகொண்டே இருக்கும், அம்மா கடக்க வேண்டிய இடங்கள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

டைனிங் கார் மேஜை நான்கு பேருக்கு. ஐந்தாவது ஆள் அடுத்த மேஜைக்குப் போக வேண்டியதுதான், அது யார் என்று இப்போதே பேசி வையுங்கள்.

மொஃபட் சுரங்கம் 6.2 மைல், 1928-இல் திறந்தது. அதற்கு முன்பு 11,600 அடிக்கு மேலே ராலின்ஸ் கணவாய் வழியாக, பனியோடு மல்லுக்கட்டிப் போன பாதை. சுரங்கத்துக்குள் இருக்கிற பத்து நிமிடமும் பெட்டி விட்டுப் பெட்டி போகக் கூடாது, கதவைத் திறந்தால் டீசல் புகை உள்ளே வந்துவிடும். அதனால் டென்வரில் வண்டி நிற்கும்போதே அம்மாவை லவுஞ்சில் உட்கார வைத்துவிடுங்கள். எந்தப் பக்கம் என்று கவலைப்பட வேண்டாம். கொலராடோ ஆறு ஒரு முறை இந்தப் பக்கம் வரும், ஒரு முறை அந்தப் பக்கம் போகும்.

எமரிவில் போய்ச் சேருகிற அன்றே விமானம் ஏதும் போடாதீர்கள். பாதை சரக்கு ரயில் கம்பெனிகளுடையது, நேரம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும்.

கார்டு_பேத்தி:

மாற்றியாகிவிட்டது! அம்மாவின் ரூமெட்டை விட்டு மேல்தள பெட்ரூம் கிடைத்தது, டைனிங் காரிலிருந்து இரண்டாவது பெட்டி. அம்மா தினமும் மாடிப்படியில் இரண்டு நடை பழகுகிறார், நான் சொல்லாமலே.

கார்டு_பேத்தி:

போய் வந்துவிட்டோம். கேட்டுவிட்டுக் காணாமல் போகக் கூடாது என்று எழுதுகிறேன்.

யூனியன் ஸ்டேஷனில் சரியாக 1:30-க்குப் போன் அடிக்க ஆரம்பித்தது. பெரியம்மா, மாமா, சித்தப்பா பிள்ளைகள் என்று வரிசையாக. ரெட்கேப் வண்டியில் போகும்போதும் அம்மா பேசிக்கொண்டேதான் வந்தார். படியில் ஏற முழுதாக நான்கு நிமிடம் ஆனது. மேலே போய்ச் சேர்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்றார்.

ராத்திரி நான் மேல் படுக்கையில் தூக்கம் வராமல் புரண்டேன். கீழே அம்மா ஒரே சீரான குறட்டை. நெப்ராஸ்கா முழுவதையும் தூங்கியே கடந்தார்.

காலையில் டென்வரில் நிற்கும்போதே லவுஞ்சுக்குப் போய்விட்டோம். வண்டி மலைப்பக்கம் திரும்பி ஏறும் பெரிய வளைவில், பக்கத்துப் பாதையில் பழைய சரக்குப் பெட்டிகள் வரிசையாக நின்றன. "இது ஓடுற வண்டி இல்லடி, சக்கரத்தைப் பாரு, துரு" என்றார் அம்மா. உண்மைதான். காற்று வேகத்தைத் தடுக்க மணலை நிரப்பி அங்கேயே நிரந்தரமாக நிறுத்திவைத்த பெட்டிகள் என்று எதிரே இருந்தவர் சொன்னார். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும், தானே கண்டுபிடித்ததில் அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

சுரங்கத்துக்குள் கண்ணாடியெல்லாம் கறுப்பாகிவிட்டது, அதில் எங்கள் ஐந்து பேர் முகமும் தெரிந்தது. சின்னவள் பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்தாள். தெரியாதவர்களும் சேர்ந்து பாடினார்கள். கேக்கை மதியத்துக்கு மேல் அறையில் சாப்பிட்டோம், ஒரு துண்டு மட்டும். சர்க்கரை அளவு ஒழுங்காக இருந்தது.

இருமுழங்கால் ஐயாவுக்குத் தனியாக ஒன்று. எமரிவில்லில் அந்த இறக்கத்தை நினைத்து எனக்குக் கடைசி ஒரு மணி நேரம் வயிற்றைக் கலக்கியது. அம்மா படியின் உச்சியில் நின்று பார்த்தார். திரும்பிக்கொண்டார். இரண்டு கையாலும் இரண்டு கம்பியையும் பிடித்து, பின்பக்கமாக, ஒவ்வொரு காலாக இறங்கினார். கீழே நின்று தாங்கக் கை நீட்டிய என் கணவரிடம், "தள்ளிக்கோங்க மாப்பிள்ளை" என்றார். "பிரேக் வேன்லேர்ந்து வண்டியைப் பாத்துக்கிட்டேதான் இறங்கணும்னு எங்கப்பா சொல்லிக் குடுத்திருக்கார்."