கண்டி ராஜசபை நாடகம்: குற்றத்தை யார் தலையில் கட்டுவது?

ஹட்டன் அக்கா:
எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றி மேடை நாடகம் போடுகிறார்கள், வசனம் என் பொறுப்பு. போன ஞாயிறு ஒத்திகையில் ராஜாவை எதிர்த்த எஹலபொல என்ற பிரதானியின் மனைவி குமாரிஹாமியாக நடிக்கும் பிள்ளை, துணியில் சுற்றிய பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, இவங்க என்ன குத்தம் செஞ்சாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ராஜாவைக் கொடூரனாகவே காட்டு என்கிறார்கள் பாதிப்பேர், நம்ம ஆள், விட்டுக்கொடுக்காதே என்கிறார்கள் மீதிப்பேர். எங்கிருந்து தொடங்கட்டும்?

கண்டிக்காரன்:
தங்கச்சி, 1798இல் தொடங்குங்கள். ராஜாதி ராஜசிங்கன் வாரிசில்லாமல் இறந்ததும் முதலமைச்சரான பிலிமத்தலாவை அதிகார் பதினெட்டு வயதுக் கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணையில் ஏற்றினார். பையன் தன் சொல்லைத் தாண்டமாட்டான் என்பது அவர் கணக்கு. இறந்த ராஜாவின் ராணிக்கு உடன்பிறந்த முத்துசாமியும் உரிமை கொண்டாடினார், அவரை 1803இல் ஆங்கிலேயர் கண்டிக்குக் கூட்டிவந்து ராஜாவாக்கிப் பார்த்தார்கள், உயிர்தான் போனது. இதற்கிடையில் அதிகார் ஆங்கிலேய ஆளுநர் நோர்த்துடன் இரகசியப் பேச்சு வேறு. பையன் வளர்ந்து கைமீறிப் போனான், கடைசியில் அதிகாரே சதிக் குற்றத்தில் தலையைக் கொடுத்தார்.

பேராதனை வாசகி:
அந்தப் பிள்ளையின் கேள்விதான் உங்கள் நாடகம். ஒரு திசாவை, அதாவது ராஜாவின் மாகாண அதிகாரி, தன் மாகாணத்தை ஆளப் போனால் அவர் குடும்பம் கண்டியிலேயே இருக்க வேண்டும், பிணையாக. அந்த வழக்கத்தை முதல் காட்சியிலேயே காட்டிவிடுங்கள், வாசலில் காவல், உள்ளே விளையாடும் பிள்ளைகள், யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 1814இல் சப்ரகமுவையில் திசாவையாக இருந்த எஹலபொல, ராஜா அழைத்தும் வரவில்லை, கிளர்ச்சி செய்தார், அது தோற்றதும் கொழும்பில் ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே, மரண தண்டனை இங்கே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். அதற்காக எந்தக் காரணம் சொல்லியும் ராஜாவைத் தப்பவிடாதீர்கள்.

மாத்தளை அண்ணன்:
"நம்ம ஆள்" என்ற பேச்சையும் விட்டுவிடலாம் தங்கச்சி. ராஜாவின் குடும்பம் மதுரைப் பக்கத்து நாயக்கர்கள், தாய்மொழி தெலுங்கு. பிரதானிகளுக்கு வேண்டாதபோதெல்லாம் "அந்நியன்" என்ற பழிதான் கைக்கு எளிதாகக் கிடைத்தது. ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொய்லியை மறக்காதீர்கள், அரண்மனையில் யாருக்கு யார்மேல் காய்ச்சல் என்பதெல்லாம் ஒற்றர் வழியாக அவருக்குத் தெரியும். கிரீடம் தனக்குத்தான் என்று காத்திருந்த எஹலபொலவுக்கு கண்டியை ஆங்கிலேயருக்குக் கொடுத்த 1815 மார்ச் 2 ஒப்பந்தத்தில் அது கிடைக்கவில்லை, பின்னால் நாடுகடத்தப்பட்டு 1829இல் மொரிசியஸில் இறந்தார். ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட ராஜா 1832இல் வேலூரில் இறந்தார்.

ஹட்டன் அக்கா:
சரி அண்ணா, முடிவு செய்துவிட்டேன். காவல் நிற்கும் வாசலில்தான் திரை விலகும். அந்தப் பிள்ளை கேட்டதை ஒரு எழுத்தும் மாற்றாமல் குமாரிஹாமியின் வாயில் வைக்கிறேன். ராஜா அவளுக்குப் பதில் சொல்லமாட்டார்.