பெண் பிள்ளைகளுக்குக் காற்பந்தில் சின்ன ஆட்டம் (ஆட்களையும் இடத்தையும் குறைத்து) வைத்துப் பழக்கியவர்கள், மனதில் நிற்கிற ஒரு நாளைச் சொல்லுங்கள்

உப்புவெளி ரீச்சர்:
போன கச்சான் காலம், சுடுகாற்று வீசுகிற நேரம். பத்து, பதினொரு வயதில் 16 பிள்ளைகள். எட்டுக்கு எட்டு பிரித்து விட்டேன். எல்லாரும் பந்துக்குப் பின்னால் மொய்த்துக்கொண்டு ஓட, ஒருத்தி மட்டும் ஓரத்தில் நின்றாள். காற்று மணல் போட்டு மூடிய மைதானக் கோட்டைக் கால் பெருவிரலால் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தாள். 20 நிமிடத்தில் அவளிடம் பந்து வந்தது இரண்டு தரம். விசில் அடித்ததும் என்னிடம் வந்து, "ரீச்சர், நானும் விளையாடினேனா?" என்று கேட்டாள். பரிகாசமில்லை, உண்மையாகவே கேட்டாள்.

அன்றிரவு நித்திரையில்லை. அடுத்த நாள் நாலுக்கு நாலாக இரண்டு ஆட்டம். நடந்து அளந்து 30 காலடி நீளம், 20 காலடி அகலம். கோல்கீப்பர் இல்லை. ஒவ்வொரு பக்கமும் மூலைக்கு ஒன்றாக இரண்டு சின்ன கோல், செருப்புகளை வைத்துத்தான். ஒரு கோலை மறித்தால் மற்றது வெறுமையாகக் கிடக்கும். இப்போது ஓரத்தில் நிற்கிறவளுக்கும் பந்து தேவை, பந்துக்கும் அவள் தேவை. "இங்க தா!" என்று அவள் கத்தியபோதுதான் அவளுடைய குரலையே கேட்டேன்.

மூதூர்க்காரன்:
தங்கச்சி, ஆட்களைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நானும் நாலுக்கு நாலுதான் வைத்தேன். அதோடு, எல்லாரும் ஒருக்கா பந்தைத் தொட்ட பிறகுதான் கோல் கணக்கு என்று ஒரு சட்டமும் போட்டேன். நல்லதென்று நினைத்துத்தான். எதிர்ப்பக்கம் கெட்டிக்காரிகள், தொடாமல் இருக்கிறவள் யாரென்று பார்த்து இரண்டு பேர் அவளையே சுற்றி நின்றார்கள். அவளுடைய ஆட்களோ "கெதியா தொடு!" என்று கத்தல். பந்து வந்ததும் நெருப்பை மிதித்த மாதிரிக் காலை இழுத்தாள். பிறகு வரவேயில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன், படிப்பு என்றார் தாய். என் சட்டம்தான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அந்தச் சட்டம் இல்லை. தயங்குகிற பிள்ளைக்கு வேறு நிறச் சட்டை போட்டுப் பொது ஆளாக்குவேன். பந்து வைத்திருக்கிற பக்கத்துக்கு அவள் ஆள். எப்போதும் ஒரு ஆள் கூட என்பதால் பாஸ் அவளிடம் தானாகவே போகும்.

பழைய கோல்கீப்பர்:
இரண்டு பேரும் பந்தையே பேசுகிறீர்கள். சின்ன இடத்தில் ஓடிவந்து சடாரென்று திரும்பிய பதினைந்து வயதுப் பிள்ளையின் முழங்கால் விலகியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். அவள் அழவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பொத்திக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் அறுவது ஆண் பிள்ளைகளைவிட அதிகம். சின்ன ஆட்டத்தில் சடாரென்று நிற்பதும் திரும்புவதும் அதிகம். ஆட்டத்துக்கு முன் காயம் வராமல் உடம்பைத் தயார்ப்படுத்த, உலகக் காற்பந்துச் சங்கமான பீஃபாவின் 11 பிளஸ் பயிற்சி இருக்கிறது, 20 நிமிடத்தில் முடிக்கலாம். 14 வயதுக்குக் கீழே என்றால் அதற்கென்றே கிட்ஸ் பயிற்சி இருக்கிறது. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சரிகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். நாலு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, தண்ணீர். கச்சான் வெயிலில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னால் தொடங்கவே வேண்டாம். ரீச்சரின் பிள்ளைகளுக்கு 4ஆம் நம்பர் பந்து போதும், 5 பாரம்.

உப்புவெளி ரீச்சர்:
சரி அண்ணை, முழங்காலைப் பார்க்கிறேன். 4ஆம் நம்பர் பந்து எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. மூதூர் அண்ணா, பொது ஆளை எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கா மாற்றுவீர்கள்? நாளைக்கு ஒன்பது பேர்தான் வருவார்கள்.