எச்ச வரைபடம் வளைந்து நின்றபோது: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்
(எச்சம் என்பது அளந்த மதிப்புக்கும் மாடல் கணித்ததற்கும் உள்ள வித்தியாசம். அதன் வரைபடம் வளைந்தால், தொடர்பு நேர்கோடு என்ற நேரியல் அனுமானம் பொருந்தவில்லை என்று பொருள்.)

வளைகோடு:
இதைச் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை. உர அளவும் விளைச்சலும் அடங்கிய தரவு. நேர்கோடு பொருத்தும் ரெக்ரஷனில் உரத்தின் கெழு, அதாவது கோட்டின் சாய்வு, ஏறக்குறைய பூஜ்யம். உண்மையில் சாய்வே இல்லாவிட்டாலும் இவ்வளவு சாய்வாவது தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்போ மிகப் பெரியது. "தொடர்பே இல்லை, அந்த மாறியை நீக்கிவிடுங்கள்" என்று கூட்டத்தில் மூத்தவர் முடித்துவிட்டார். அறிக்கையில் அந்த வரி ஏறுவதற்குள் நான் சிதறல் வரைபடத்தைத் திறந்து, அதன்மேல் புள்ளிகளின் போக்கைப் பின்தொடரும் லோவெஸ் கோட்டை ஓடவிட்டேன். இடப்பக்கம் தாழ்வாகத் தொடங்கிய கோடு நடுவில் குன்றாக எழும்பி, வலப்பக்கம் சரிந்து இறங்கியது. அளவோடு போட்டால் பயிர் செழிக்கும், அளவு மீறினால் கருகும். உழுபவர் எவருக்கும் தெரிந்த செய்தி. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டதில்தான் கெழு பூஜ்யமாகியிருந்தது. நேரியல் ரெக்ரஷனை விட்டுவிட்டு, உர அளவின் வர்க்கத்தையும் சேர்த்த இருபடிக்குப் போனோம். உரம் மாடலிலேயே வலுவான மாறியாயிற்று.

மூத்தவர் அப்போது கேட்டார்: "அப்படியானால் பி-மதிப்பு பொய் சொன்னதா?" நேர்கோட்டுச் சாய்வு உண்டா என்று கேட்டோம், இல்லை என்றது, அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் எத்தனை அறிக்கைகளில் இப்படி எத்தனை மாறிகள் நீக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் இன்னமும் தூக்கம் கெடுகிறது.

இருநிறப்புள்ளி:
எனக்கு, ஆம்-இல்லை விளைவுகளுக்கான லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் நடந்தது. நோயாளிகளின் உடல் எடைக் குறியீடும் இறப்பும். "லாஜிஸ்டிக்கில் நேரியல் அனுமானமே கிடையாது, அது சாதாரண ரெக்ரஷனுக்கு மட்டும்" என்றார் உடன் பணிபுரிந்தவர், அத்தனை உறுதியாக. அனுமானம் இருக்கிறது: எடைக் குறியீடு, இறப்பு வாய்ப்பு விகிதத்தின் (இறக்கும் வாய்ப்பை இறக்காத வாய்ப்பால் வகுத்தது) மடக்கையோடு, அதாவது லாஜிட்டோடு, நேர்கோட்டில் போக வேண்டும். விளைவு 0 அல்லது 1 மட்டுமே என்பதால் சிதறல் வரைபடத்தில் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, வேறொன்றும் தெரியாது. எடைக் குறியீட்டைப் பத்துச் சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் லாஜிட்டைக் கணக்கிட்டுப் புள்ளி வைத்தேன். மிக ஒல்லியானவர்கள் இருந்த முதல் பங்கு தனியாக உயரத்தில் நின்றது. அடுத்தவை தாழ்ந்து, பருமனானவர்கள் பக்கம் மீண்டும் ஏறின. நாங்கள் அனுப்பவிருந்த மாடல் அந்த ஒல்லியானவர்களுக்கு "ஆபத்து மிகக் குறைவு" என்று சொல்லியிருக்கும். அந்த முதல் புள்ளிதான் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கெழுக்காரர்:
வளைகோடு, ஒரு திருத்தம். நீங்கள் நேரியல் ரெக்ரஷனை விட்டுவிடவில்லை. வர்க்கத்தைச் சேர்த்தாலும் மடக்கை எடுத்தாலும் அது நேரியல் ரெக்ரஷன்தான்; நேரியல் என்பது கெழுக்களைப் பற்றியது. இந்தக் குழப்பத்தால்தான் பலர் வளைவைக் கண்டதும் ரெக்ரஷனையே கைவிட்டு ஓடுகிறார்கள்.

இன்னொன்று. மாறிகள் பல இருக்கும்போது ஒவ்வொன்றையும் விளைவோடு தனியாக வரைந்து பார்ப்பது சோதனை ஆகாது. சம்பளத் தரவில் அனுபவத்துக்கு எதிரே வளைவு தெளிவாகத் தெரிந்தது. குழுவில் எல்லாரும் வர்க்கத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். கல்வியையும் மாடலில் வைத்துப் பகுதி எச்ச வரைபடம் போட்டேன்: எச்சத்தோடு, அனுபவத்தின் கெழுவை அனுபவத்தால் பெருக்கிக் கூட்டி, அதை அனுபவத்துக்கு எதிரே வரைவது. கோடு நேராக நின்றது. அதிக அனுபவம் உள்ளவர்கள் குறைவாகப் படித்த தலைமுறையினர். வளைவு கல்வியிலிருந்து வந்தது.

முடிச்சுநேசன்:
எனக்கும் இருபடி மாடல் ஒன்று, தரவு முடிந்த இடத்துக்கு அப்பால் நீட்டியதும் எதிர்மறை விற்பனையைக் கணித்தது. அவ்வளவுதான் கதை.

ஆனால் இங்கே எழுதுபவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். வளைவைக் கண்டதும் மாறியைத் துண்டுகளாக வெட்டாதீர்கள். வயதை 40-இல் வெட்டினால் 39-உம் 41-உம் வேறு வேறு ஆட்கள், 41-உம் 80-உம் ஒரே ஆள் என்று மாடல் நம்பும். முடிச்சு எனும் இடங்களில் வளைவுத் துண்டுகளை வழுவழுப்பாக இணைக்கும் கட்டுப்படுத்திய முப்படி ஸ்ப்லைன் போடுங்கள். மூன்று முதல் ஐந்து முடிச்சுகள் பெரும்பாலும் போதும், இரு ஓரங்களிலும் அது நேர்கோடாகவே போகும் என்பதால் இருபடியைப் போலத் தறிகெட்டுப் பாயாது. முடிச்சுகளின் இடத்தைத் தரவின் பரவலை வைத்து முன்கூட்டியே தீர்மானியுங்கள், விளைவைப் பார்த்து நகர்த்தாதீர்கள். ராம்ஸி 1969-இல் தந்த ரீசெட் சோதனையை மட்டும் நம்பவும் வேண்டாம். மாடல் கணித்த மதிப்புகளின் வர்க்கம், கனம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை அது. தரவு மிகப் பெரிதாக இருந்தால் அற்ப வளைவுக்கும் அலறும், சிறிதாக இருந்தால் பெரிய வளைவையும் விட்டுவிடும். விளைவின் மாறுபாட்டில் எவ்வளவை மாடல் விளக்குகிறது என்று சொல்லும் ஆர்-வர்க்கத்தைப் பார்த்தும் நிம்மதி அடையாதீர்கள். ஆன்ஸ்கோம் 1973-இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகளிலும் அது 0.67-தான், கோடும் ஒன்றேதான். இரண்டாவது தொகுதி அப்பட்டமான வளைவு.

இருநிறப்புள்ளி:
முடிச்சுநேசன், நான் பத்துப் பங்காகப் பிரித்தது பார்ப்பதற்கு மட்டும். திருத்திய மாடலில் எடைக் குறியீடு தொடர் மாறியாகவே இருந்தது, ஸ்ப்லைனோடு. யாரும் வெட்டவில்லை. நான் எழுதியதை முழுதாகப் படித்துவிட்டு அறிவுரை சொல்லுங்கள்.

சாய்ந்தமேகம்:
எல்லாரும் வளைவைத் தவறவிட்ட கதையைச் சொல்கிறீர்கள். எனக்கு எதிர்ப்பக்கம். நல்ல மாடல், ஆர்-வர்க்கம் 0.5-ஐ ஒட்டியது. சரிபார்க்க வந்தவர் எச்சங்களை வரைந்து திரையில் காட்டினார்: இடமிருந்து வலமாக ஏறும் புள்ளி மேகம். "அனுமானம் உடைந்துவிட்டது" என்றார். அவர் கிடை அச்சில் வைத்திருந்தது மாடல் கணித்த மதிப்பை அல்ல, உண்மையில் அளந்த விளைவை. அப்படி வரைந்தால் எந்த மாடலிலும் சாய்வு வரும்; ஒன்றிலிருந்து ஆர்-வர்க்கத்தைக் கழித்தால் கிடைப்பதே அந்தச் சாய்வு. எங்களுக்கு அதுவும் 0.5. அச்சை மாற்றி நான் வரைந்து காட்டியபோது மேகம் கிடையாகப் படுத்துவிட்டது, வளைவும் இல்லை. ஆனால் முடிவு எழுதப்பட்டாயிற்று என்றார்கள். அந்த மாடலைப் பிறகு யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை.